ரிட்டர்ன் கவுன்டர்க்காரி எழுதிக்கொடுத்தது

பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் பொய்யாகத்தான் இருக்கும். அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை என்பார்கள். வீட்டில் அவரைத் தவிர ஆளே இருக்காது. பாக்கெட் வாங்கும்போதே கிழிந்திருந்தது என்பார்கள். கத்தரிக்கோல் போட்ட தடம் நேர்கோடாகத் தெரியும். நான் எதையும் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டேன். பில் இருக்கிறதா, தேதி தாண்டவில்லையா என்று பார்ப்பேன். காரணம் என்ற கட்டத்தில் அவர்கள் சொன்னதை அப்படியே அடிப்பேன். இத்தனை வருடத்தில் என்மேல் ஒரு புகார் வந்ததில்லை. வேண்டுமானால் மேனேஜரைக் கேட்டுப் பாருங்கள்.

கேட்டதற்கு மட்டும் பதில் எழுது என்று காகிதமும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போனீர்கள். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியே சரியில்லை. "அந்த அம்மா கிட்ட இருந்த பணத்துக்காகத்தானே செஞ்சீங்க?" என்றீர்கள். பணம் முழுவதும் அவர் மெத்தைக்கு அடியில், அவர் தைத்த பைகளிலேயே இருக்கிறது. கொஞ்சம் கதவுக்குக் கீழே கிடந்திருக்கும். ஒரு நோட்டைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. கைக்கு வந்தவற்றையும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். என்னைத் திருடி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதை என்னால் தாங்க முடியாது. மற்றபடி என்ன நடந்ததோ சொல்கிறேன்.

எங்கள் சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் இடதுகைப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே, குனிந்து எழுந்தால் தலை இடிக்கிற இடத்தில் என் கவுன்டர் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல், பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. வாசலைத் தாண்டிப் போன சாப்பாட்டுச் சாமான் திரும்பி வந்தால் மறுபடி அடுக்கில் ஏறக் கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். சீல் உடையாமல் இருக்கலாம், நேற்றுத்தான் வாங்கியதாக இருக்கலாம். வெளியே போனது போனதுதான். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தச் சாமானைத் தொட்டியில் போட்டு, மேலே நீலச் சாயத்தை ஊற்ற வேண்டும். யாரும் எடுத்துச் சாப்பிட்டுவிடக் கூடாது இல்லையா, அதற்காக. எனக்கு எப்போதும் நகக்கண் நீலமாகத்தான் இருக்கும். கடைப் பிள்ளைகள் "ரிட்டர்ன் அக்கா, இன்னிக்கு எந்தச் சாமிக்குப் பூசை?" என்று கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

எனக்குக் கல்யாணம் ஆகியும் ஆகாததுபோல் ஆகிவிட்டது. அது இங்கே தேவையில்லை. ஒரே ஒரு அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. என் பெயரைப் போட்டு எனக்கு வருவது மின்சார பில் மெசேஜ் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் முதல் ஆளிடம் "சொல்லுங்க" என்னும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பொய் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. என்னிடம் பேசுவதற்காக ஒரு ஆள் பொய்யாவது யோசித்துக்கொண்டு வருகிறாரே என்று இருக்கும்.

டைலரக்கா வந்தது அப்படித்தான்.

முதல் தடவை ஒரு உப்புப் பாக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தார். "இது கரிக்கவே மாட்டேங்குது தங்கச்சி" என்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் துளி சிரிப்பு இல்லை. பாக்கெட் பிரிக்கவே இல்லை. "பிரிக்காமலே எப்படிக்கா தெரிஞ்சது?" என்றேன். "கையில புடிச்சாலே தெரியும். நான் துணியத் தொட்டே சாயம் போகுமா போகாதான்னு சொல்லுவேன்" என்றார். காரணம் என்ற கட்டத்தில் 'சுவை திருப்தி இல்லை' என்று அடித்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி அதை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

அறுபதைத் தாண்டியவர். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைத்துப் பிழைத்தவர். புருஷன் இறந்துவிட்டார், ஒரே மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். சர்க்கரை வியாதி, முழங்கால் வலி. ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றை வாங்குவார், அடுத்த வாரம் திருப்பிக் கொண்டுவருவார். சோப்பு நுரைக்கவில்லை, ஜாம் மூடி திறக்கவில்லை, தீப்பெட்டியில் குச்சி குறைகிறது. ஜாம் மூடியை நானே திறந்து கொடுத்தேன். "திறந்துட்டியே, இனிமே எப்படித் திருப்பிக் குடுக்கறது?" என்று என்மேலேயே பாய்ந்தார். கவுன்டரில் வேறு ஆள் வரும்வரை நிற்பார். முழங்கால் வலிக்கிறது என்று என் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார், நான் நிற்பேன். தன்னிடம் தைத்ததைத் திருப்பிக் கொண்டுவந்தால் முழுசாகப் பிரித்து மறுபடி தைத்துத் தருவேன், ஒரு பைசா வாங்க மாட்டேன் என்று பெருமையாகச் சொல்வார். "உங்க கடைல என்னடான்னா, நல்ல சாமான நாசம் பண்றீங்க" என்று தொட்டியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

அவர் கொண்டுவந்தவற்றில் சாயம் ஊற்றாமல் நான் என் பையில் போட்டுக்கொண்டவையும் உண்டு. அது சட்டப்படி தப்பு. அந்த ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். அந்த உப்பைத்தான் இன்றைக்கும் சமையலுக்குப் போடுகிறேன்.

பிறகு கடையில் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். கல்லாப்பெட்டிகளைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். வாசலில் ஒரு கேட் வைத்தார்கள். கார்டையோ போனையோ காட்டினால் திறக்கும், இல்லையென்றால் திறக்காது. எங்கள் கடை மட்டும் இல்லை, தெருவில் இருந்த மற்ற கடைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மாறிவிட்டன. ரிட்டர்னும் போனிலேயே வந்துவிட்டது. சாமானைப் படம் எடுத்து அனுப்பினால் பணம் தானாகக் கணக்குக்குப் போய்விடும். யாரும் வந்து பொய் சொல்ல வேண்டியதில்லை. மேனேஜர் தம்பி, "உங்களுக்கென்னக்கா, சும்மா உக்காந்து சம்பளம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் நாள் முழுக்கக் கேட் திறந்து மூடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆள் என் பக்கம் திரும்பவில்லை.

டைலரக்கா வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். கையில் நோட்டை மடித்து வைத்திருந்தார். செக்யூரிட்டி என்னவோ சொல்ல, இவர் நோட்டைத் தூக்கிக் காட்டினார். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். பின்னால் வந்தவர்கள் இவரை ஒதுக்கிவிட்டுக் கார்டைக் காட்டி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போனேன்.

"இது என்ன கள்ள நோட்டா தங்கச்சி? நான் உழைச்சு சம்பாதிச்சது" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, என் கார்டில் ரொட்டி, பால், முட்டை, மாத்திரை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் நோட்டை நீட்டினார். சில்லறை சரிபார்த்து மீதியைக் கொடுத்தேன். அன்றைக்கு அவரோடு அவர் வீடுவரை நடந்தேன்.

அதிலிருந்து நான் வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கமாயிற்று. நாலாவது மாடி, லிஃப்ட் எப்போதும் ரிப்பேர். எதிர்வீடு காலி. முன்னறையில் தையல் மெஷின், துணி வெட்டுகிற நீள மேஜை, சுவரில் யாரும் வாங்க வராத இரண்டு சட்டைகள். ஜன்னல்கள் பக்கத்துக் கட்டடத்தின் வெறும் சுவரைப் பார்த்தவை. வேலை முடிந்ததும் போவேன். அவர் சுடச்சுட ஏதாவது வைத்திருப்பார். "இவ்வளவு லேட்டா வர்றியே, உன் கடைக்காரன் உன்னப் புழிஞ்சு சாயத்துல ஊத்திடுவான்" என்பார். என் நகத்தை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துவிடுவார். அம்மாவுக்குப் பிறகு என் கையை யாரும் தொட்டதில்லை. எனக்கு சந்தோஷமாக இருந்தது, மேடம். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது.

கதவைத் திறக்க அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் சாவியை நானே வைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டிய பழைய பூட்டு அது. இன்னொரு சாவி எப்போதோ தொலைந்துபோயிற்று. "நான் எங்க போகப்போறேன், நீயே வெச்சுக்க" என்று அவராகத்தான் கொடுத்தார். காலையில் வந்து திறந்துவிடுவேன், சாயங்காலம் பூட்டிக்கொண்டு போவேன். பகலில் அவர் இஷ்டத்துக்குத் திறந்துதான் இருக்கும்.

அப்போதுதான் மகள் வந்தாள்.

வந்து இரண்டு நாள் இருந்தாள். அம்மா பெயரில் ஒரு கார்டு வாங்கிக் கொடுத்தாள், எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். நல்ல பெண்தான். "ஆன்ட்டி, நீங்க இருக்கறதாலதான் நான் நிம்மதியா இருக்கேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அக்காவுக்குத் தங்கச்சி என்றால் சித்தி என்று கூப்பிட வேண்டும். ஆன்ட்டி என்றாள்.

அடுத்த வாரம் டைலரக்கா கடைக்கு வந்து கார்டை நீட்டினார். கேட் திறந்தது. சின்னப் பிள்ளைபோல என்னைப் பார்த்து, "எனக்கும் தொறக்குது பாரு தங்கச்சி!" என்று கத்தினார். செக்யூரிட்டிகூடச் சிரித்தார். பிறகு ஒரு கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், வாங்கினார், எனக்குக் கையைக் காட்டிவிட்டு வெளியே போனார். என் கவுன்டரில் நிற்கவில்லை.

அடுத்த வாரமும் அப்படித்தான். நானே கேட்டேன், "என்னக்கா, இப்பல்லாம் ஒண்ணுமே திருப்பிக் குடுக்கறதில்லையா? எல்லா உப்பும் கரிக்குதா?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "அத ஏன் கேக்கற. நான் எது வாங்கினாலும் அவ போன்ல டிங்குனு போகுது. திருப்பிக் குடுத்தாலும் டிங்கு. உடனே கூப்பிட்டு, ஏம்மா வாங்கினே, ஏம்மா குடுத்தேன்னு கேக்கறா. காசா இருந்தப்ப எவனுக்குத் தெரியும்? இப்ப நான் பேச்சுத் துணைக்குத்தான் உப்பு வாங்கினேன்னு அவகிட்ட எப்படிடி சொல்றது?"

அவர் வாயாலேயே சொன்னார், பேச்சுத் துணைக்கு என்று. எனக்கு அது போதும்.

சாயங்காலம் போய் உட்காருவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, கதவைப் பூட்டிவிட்டுத் திரும்புவதோடு சரி. அவருக்கு நான் வாங்கிக்கொண்டு போக ஒன்றும் இல்லை. "உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?" என்பார். அன்பாகத்தான் சொல்வார். கேட்கிறவர்களுக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும். கடைசியில் ஒருநாள், மகள் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள் என்றும், மெஷினை விற்றுவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். நான் நல்ல யோசனை என்றேன்.

ரிட்டர்ன் கவுன்டருக்கு ஒரு அதிகாரம் உண்டு. அடிக்கடி வாங்கித் திருப்பிக் கொடுத்துக் கடையை ஏமாற்றுகிற ஆட்களை நாங்கள் கம்ப்யூட்டரில் தடை செய்யலாம். தடை போட்டால் அந்த ஆளின் கார்டுக்குக் கேட் திறக்காது. தெருவில் இருக்கிற மற்ற கடைகளுக்கும் அது போய்விடும், அவர்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு. ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து ரிட்டர்ன் கவுன்டரில் சொல்ல வேண்டும். அந்தக் கவுன்டர் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. நான் அதை யாருக்கும் போட்டதில்லை, டைலரக்காவுக்குத்தான் முதல் தடவை. காரணம் என்ற கட்டத்தில் உண்மையைத்தான் அடித்தேன். அத்தனை நாளும் அவர் வாங்கித் திருப்பிக் கொடுத்ததெல்லாம் அதிலேயே இருந்தது.

கேட் திறக்கவில்லை. அவர் திரும்பத் திரும்பக் கார்டைக் காட்டிப் பார்த்தார். துடைத்துக் காட்டினார். நான் போய், "அக்கா, கார்டுல ஏதோ கோளாறு. நான் பேங்க்ல கேட்டுச் சரி பண்ணித் தர்றேன். உங்க போனும் வேணும், அதுலதான் மெசேஜ் வரும்" என்றேன். கார்டையும் போனையும் என் கையில் வைத்துவிட்டு, "நீ இல்லேன்னா நான் என்னடி பண்ணுவேன்?" என்றார். அன்று சாயங்காலம் முன்போலவே சாமான் வாங்கிக்கொண்டு போனேன், முன்போலவே நகத்தைத் தேய்த்துவிட்டார். அந்த ஒரு வாரம் எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை.

செக்யூரிட்டிதான் கெடுத்துவிட்டார். அவர் பக்கத்துத் தெருக்காரர். வழியில் டைலரக்காவைப் பார்த்துவிட்டு, கார்டில் ஒன்றும் இல்லை, இது ரிட்டர்ன் கவுன்டரில் போடுகிற தடை என்று சொல்லியிருக்கிறார். உதவி செய்கிற நினைப்பு.

நான் போனபோது அவர் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு பற்றவைக்கவில்லை.

"நீதானா தங்கச்சி?"

"ஆமாக்கா" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. "உங்க நல்லதுக்குத்தான். அவ்வளவு தூரம் நடக்க வேண்டாமேன்னு."

அவர் கத்தினார். என்னைப் பைத்தியம் என்றார், பாவி என்றார். "சாவிய வெச்சுட்டுப் போ. என் போனையும் கார்டையும் குடு. நாளைக்கே நான் என் மககிட்டப் போறேன். இனிமே என் மூஞ்சில முழிக்காதே."

கவுன்டரில் கத்துகிறவர்களை எப்படிச் சமாளிக்க வேண்டும் என்று எங்களுக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எதிர்த்துப் பேசக் கூடாது. கத்துகிற ஆளிடம் எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கத்தினால் கிடைக்கும் என்று ஆகிவிடும். எதிரே நிற்காமல் நகர்ந்துவிட வேண்டும். கோபம் இறங்கியதும் அவர்களே மெதுவாகக் கேட்பார்கள், அப்போது கொடுத்துவிடலாம். எத்தனை பேரை இப்படிப் பார்த்திருக்கிறேன். வானத்துக்கும் பூமிக்கும் குதித்த ஆள் கொஞ்ச நேரத்தில் வந்து, "மன்னிச்சுக்கம்மா, ஏதோ டென்ஷன்" என்பார். ஒருவர்கூடத் தவறியதில்லை.

அதனால் எதையும் கொடுக்காமல் வெளியே வந்தேன். வழக்கம்போலக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். சாவி, போன், கார்டு மூன்றும் என் பையில்தான் இருந்தன. கோபம் இறங்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் போய்த் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அவர் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

மகள் அந்தப் போனில் கூப்பிட்டாள். "அம்மா குளிக்கறாங்க" என்றேன். இன்னொரு தடவை, தலைவலி என்று படுத்திருப்பதாகச் சொன்னேன். அவள் கவலைப்படக் கூடாது என்று, டைலரக்காவின் கார்டில் தினமும் ஏதாவது வாங்கினேன். தடை கேட்டுக்குத்தான், பணம் கட்டுகிற இடத்தில் கார்டு வேலை செய்யும். பால், ரொட்டி, முட்டை என்று அவர் சாப்பிடுகிறவற்றையே வாங்கினேன். அவளுக்கு டிங்கென்று போயிருக்கும், நிம்மதியாக இருந்திருப்பாள். எதையும் நான் சாப்பிடவில்லை. அவர் கேட்டதும் ஓடிப்போய்க் கொடுக்கலாம் என்று என் ஃபிரிட்ஜில் அப்படியே வைத்திருந்தேன். தேதி முடிகிற சமயத்தில் கவுன்டருக்குக் கொண்டுவந்து, முறைப்படி ரிட்டர்ன் போட்டு, பணத்தை அவர் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். சாமானைத் தொட்டியில் போட்டுச் சாயம் ஊற்றினேன். மகளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது: 'அம்மா, பழையபடி ஆரம்பிச்சுட்டியா?' கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை. எனக்கும் சிரிப்பு வந்தது. பதிலுக்கு நானும் ஒரு பொம்மை போட்டேன்.

வீட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். வாங்கிக்கொடுத்ததே நான்தானே. அன்றன்றைக்கு வேண்டியதைத்தான் வாங்குவேன், ஃபிரெஷ்ஷாக இருக்கட்டும் என்று. சர்க்கரை மாத்திரை மட்டும் ஒரு பட்டை முழுசாக இருந்தது. வேளாவேளைக்கு மாத்திரை போடாமல் இருக்க மாட்டார், அதில் ரொம்பக் கண்டிப்பு. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள் என்றீர்கள். கேட்டிருக்கும். ஆனால் டைலரக்கா வீட்டில் எப்போதும் மெஷின் சத்தம். அவர்கள் முன்பே சண்டை போட்டு அலுத்துப்போனவர்கள். டிவியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டதாகச் சொன்னார்களாமே. அவர்களைக் குறை சொல்லாதீர்கள். யார்தான் மாடி ஏறிப் பார்ப்பார்கள்?

நான் ஏறினேன். அதைத்தான் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை.

மனது கேட்கவில்லை. ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும், வேலை முடிந்து ஒருநாள் போனேன். பையில் ரொட்டியும் பாலும் இருந்தன. சாவியும் இருந்தது. கதவுக்கு முன்னால் தரையில் நோட்டுகள் கிடந்தன. நாலைந்து இருக்கும், பெரிய நோட்டுகள். கதவுக்குக் கீழே இருக்கிற இடுக்கு வழியாக உள்ளேயிருந்து தள்ளியிருக்கிறார். யாராவது பார்த்து எடுத்துக்கொண்டு ஏதாவது வாங்கிக்கொண்டு வந்து தருவார்கள் என்ற நினைப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு நோட்டு மெதுவாக வெளியே வந்தது. ஒரு ஓரம் வந்து, நின்று, பிறகு மீதியும் வந்தது. அந்தக் காசை இந்தத் தெருவில் எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள் என்று அவருக்கே தெரியும். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

நான் உட்கார்ந்து எல்லா நோட்டையும் பொறுக்கி, ஒன்றாக அடுக்கி, அதே இடுக்கு வழியாக உள்ளே தள்ளினேன். அது என் பணம் இல்லை.

உள்ளே நோட்டு தள்ளுகிற சத்தம் நின்றது. அப்புறம் தரையோடு தரையாக அவர் குரல் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார் என்று நினைக்கிறேன். குரல் ரொம்ப மெலிந்துபோயிருந்தது.

"யாரது? யாரோ இருக்கீங்கல்ல?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், திறந்துவிடலாம் என்று நின்றேன். மன்னிப்புக்கூட நான் எதிர்பார்க்கவில்லை, மேடம். இந்தப் படியேறி வர என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? அது அவருக்குத் தெரியாதா?

"யாரா இருந்தாலும் புண்ணியமாப் போகும். என் மகளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க" என்றார்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். மறுபடியும் அதையேதான் சொன்னார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். சத்தம் கேட்கக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். ரொட்டிக்கு இன்னும் தேதி இருந்தது, அதனால் மறுநாள் ரிட்டர்ன் போட்டுவிட்டேன்.

மகள் வந்து கதவை உடைத்திருக்க வேண்டாம். என்னைக் கேட்டிருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேன். ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். ஆனால் உயிர் போகிறவரைக்கும் அவர் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.